ரப்பர் பாலில் ஒட்டிய ஆல்பம்

போட்டோ ஒட்டுவதற்கு எந்தப் பசை நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால், எதை வேண்டுமானாலும் தடவிக்கொள், தடவுவதற்கு முன் பின்பக்கத்தைப் படித்துவிடு என்றுதான் சொல்வேன். கேட்கிறவர்களுக்கு அது விளங்காது. சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

நான் கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு, தெங்கேராவுக்கு வந்தது முப்பதுகளின் நடுவில். பிறந்து வளர்ந்தது பாயா ரும்புட்டைத் தாண்டி உள்ளே கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் பால் வெட்டுகிறவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பு படித்திருந்தேன். அந்த நான்கு வகுப்பை வைத்துக்கொண்டு நான் அடித்த ஜம்பம் கொஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான், மூன்றே பேர். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். எனக்கு வாய் நீளம், அத்தைக்கு என்னைவிட நீளம். அந்த வீட்டில் ஆம்பளைக்குப் பேச இடமே கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. மொத்தம் பதினொன்று. யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தை டின்னைத் திறந்துவிடுவார். பலகாரம் தின்ற கையோடு ஆளுக்கு ஒன்றாக வாங்கிப் பார்ப்பார்கள். கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்று வேறு. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சர்ரென்று சத்தம் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷர் முகத்தை இப்படியா போட்டு வைப்பது என்று ஒருநாள் கத்தினேன். அப்படியானால் நீயே ஒரு வழி பண்ணு என்று அத்தை டின்னை என் மடியில் வைத்துவிட்டார்.

வழி தானாக வந்தது. கடையில் பழைய மாதிரித் துணிப் புத்தகம் ஒன்றைத் தூக்கிப் போட இருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒட்டி, இந்த ரகம் இருக்கிறது, இந்த நிறம் இருக்கிறது என்று வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுகிற புத்தகம் அது. அட்டை மாதிரித் தடித்த பழுப்புப் பக்கங்கள். என் வீட்டுக்காரர் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். துண்டுகளைப் பிய்த்துவிட்டுப் பார்த்தால், கடையில் விற்கிற ஆல்பம் தோற்றுப்போகும். சந்தோஷத்தில் அன்று இராத்திரிச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

பிய்த்த துண்டுகளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை உதித்தது. படத்தில் எல்லாரும் கறுப்பும் சாம்பலுமாக நிற்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும், அன்றைக்கு அவர்கள் கட்டியிருந்த சேலையின் நிறத்தில் ஒரு துண்டு துணி வைத்தால் என்ன?

அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நாலைந்து நாள் மத்தியானங்கள் அதிலேயே போயின. அத்தை படத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நிறம் சொல்வார், நான் துண்டுகளில் தேடுவேன். "அது கறுப்பு இல்ல புள்ள, அரக்கு. கரை மட்டும் பச்ச." அடுத்த வீட்டு அக்கா வந்து, இல்லையில்லை, அது கத்தரிப்பூ நிறம், நான்தானே கூட இருந்தேன் என்பார். இரண்டு பேரும் அரைமணி நேரம் சண்டை போடுவார்கள். கடைசியில் அரக்கில் ஒன்று, கத்தரிப்பூவில் ஒன்று என்று இரண்டையும் வைத்துச் சமாதானம் செய்வேன்.

ஆண்கள் விஷயத்தில் வேலை சுலபம். டவுனில் நாங்கள் எல்லாரும் போகிற படக்கடை ஒன்றுதான், ஒரு சீனர் நடத்தினார். அங்கே ஒரு கோட்டு ஆணியில் தொங்கும். வருகிற ஆண்கள் எல்லாரும் அதைத்தான் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். மாமனார், என் வீட்டுக்காரர், கல்யாணத்தன்று வந்த என் அண்ணன், மூன்று பேர் மேலும் அதே கோட்டு, அதே இடத்தில் பொத்தான் இல்லை. ஒரே துணியை மூன்றாக வெட்டி வைத்துவிடலாம் என்றேன். மாமனாரைக் கிண்டல் செய்கிறாயா என்று அத்தை முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

பதினோராவது படத்தை மட்டும் அத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் கொடுத்தார். அது அவருடைய தங்கையின் படம். ஒரே தங்கை. நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் பார்த்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் ஆறு மாதப் பெண் குழந்தை, கவுன் போட்டது. குழந்தையின் பாதம் இரண்டையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருப்பார். குழந்தை ஆடாமல் இருக்கப் படக்காரர் பிடிக்கச் சொன்னாராம்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில், தோட்டங்களில் ஆள் குறைத்துக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்களே, அப்போது போன குடும்பம் அது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு தெங்கேராவுக்கு வந்து, இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்கிவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறப் போனார்கள். அந்த இரண்டு நாளில் எடுத்த படம். ஒரே ஒரு பிரதிதான் போட்டார்கள். ஆளுக்கு ஒன்று வேண்டாமா என்று அத்தை கேட்டாராம். தங்கை சிரித்தாராம்.

"எனக்கு எதுக்குக்கா போட்டோ? புள்ளதான் கையிலயே இருக்கே. நீ வச்சுக்க."

இதை அத்தை என்னிடம் குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பார். குழந்தையின் கவுன் அத்தை கையால் தைத்தது. மஞ்சளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. மிச்சத் துணியில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். மற்ற படங்களுக்கு நாங்கள் வைத்தது நிறம் ஒத்துப்போன ஏதோ ஒரு துணி. இதற்கு மட்டும் அந்தக் கவுனின் துணியே கிடைத்தது. அத்தை அதை நீவி நீவி என்னிடம் கொடுத்தார்.

சரி, அவ்வளவு ஆசை இருந்தால் தங்கைக்கு ஒரு கடிதம் போடக் கூடாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போகிறவர்கள்தான் முதலில் எழுத வேண்டும். "வந்து சேர்ந்தோம்" என்று இரண்டு வரி. அது வந்த பிறகுதான் இங்கிருந்து பதில் போகும். அதற்கு முன் இவர்களாக எழுதினால், போனவர்கள் போய்ச் சேரவில்லையோ என்று சந்தேகப்பட்ட மாதிரி, அபசகுனம். தங்கையிடமிருந்து அந்த இரண்டு வரி வரவேயில்லை. தங்கைக்கும் எழுதத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. இருந்தாலும் அவள் புருஷனுக்குத் தெரியுமே, அவளுக்கு அக்கா நினைப்பு இருந்தால் எழுதச் சொல்லியிருக்க மாட்டாளா என்பது அத்தையின் கட்சி. நாள் ஆக ஆக வருத்தம் வீம்பாகிவிட்டது.

ஒட்டுகிற நாள் வந்தது. மாவுப் பசை வேண்டாம், கரப்பான் தின்றுவிடும் என்று நான்தான் சொன்னேன். தோட்டத்தில் கிழிந்த புத்தகம், அறுந்த செருப்பு, பட்டம், எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ரப்பர் பால்தான். தடவி அழுத்தினால் ஜென்மத்துக்கும் பிரியாது. அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன். விடியலில் வெட்டிய பாலை ஒரு போத்தலில் பிடித்து, காலை பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். துணித் துண்டுகளை மட்டும் பாலில் ஒட்டவில்லை. பால் பட்ட துணியில் கறை போகாது என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் துணிகளை நானும் அத்தையும் முன்கூட்டியே ஊசி நூலால் பக்கங்களில் தைத்து வைத்திருந்தோம். துணிக்கு ஆகாதது படத்துக்கு மட்டும் ஆகுமா என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

போத்தல் பால் நெடுநேரம் தாங்காது, கட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். அத்தை படத்தை எடுத்து நீட்ட, நான் பின்பக்கம் தடவி வைத்து அழுத்த, மளமளவென்று போனது. பத்து படம் முடிவதற்குள் போத்தலின் அடியில் பால் திரிந்து கட்டி கட்டியாக வர ஆரம்பித்துவிட்டது. கடைசிப் படத்தைத் திருப்பினேன். பின்னால் காப்பிப் பென்சிலில் நாலைந்து வரி கிறுக்கியிருந்தது. நனைந்தால் ஊதாவாகிற பென்சில். பால் பட்ட இடத்தில் எழுத்து ஊதாவாகக் கசிந்ததுகூட எனக்குத் தெரிந்தது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்றுதான் அப்போது வீட்டில் சொன்னேன், பல வருஷம் அப்படியே சொல்லிவந்தேன். படிக்கத் தெரிந்தவள் நான். ஒரு நிமிஷம் நின்று படித்திருக்கலாம். பால் கட்டிக்கொண்டிருந்தது, கை பிசுபிசுத்தது, வேலையை முடித்துவிடுகிற வேகம். படக்கடைக்காரர் கணக்குக்கு ஏதோ எழுதியிருப்பார் என்று நினைத்து அப்படியே வைத்து அழுத்திவிட்டேன்.

ஆல்பம் பிரமாதமாக வந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். தெங்கேராவில் அதைப் பார்க்காத வீடு கிடையாது. துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். சிலர் தங்கள் வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து, எங்களுக்கும் இப்படிச் செய்து கொடு என்று கேட்டார்கள். அத்தை வாசலில் நின்றுகொண்டு, எல்லாம் எங்க வீட்டுப் புள்ள வேலைதான் என்பார். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்ந்துபோகிறது. மழை பெய்கிற மத்தியானங்களில் அத்தையும் நானும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்புவோம். கடைசிப் பக்கம் வந்ததும் அத்தை அந்த மஞ்சள் துணிமேல் கையை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

ஆறு மாதம் போயிருக்கும். படங்களின் ஓரத்தில் காவி நிறம் கசிந்து வரத் தொடங்கியிருந்தது. நான் அத்தைக்குத் தெரியாமல் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். முன்பு அலோர் காஜா தோட்டத்தில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேற நின்றபோது ஒரு பெண் வந்து, யார் மலாக்காவுக்குப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அத்தையின் தங்கைதான். ஆள் பாதியாகிவிட்டாளாம். போய்ச் சேர்ந்ததுமே புருஷன் கடிதம் எழுதித் தபாலில் போட்டதாகச் சொன்னானாம். போட்டானா, தபாலில் தொலைந்ததா, அது அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அக்காவின் பதிலுக்காகக் காத்திருக்கிறாளாம்.

"அக்காவுக்கு எம்மேல என்ன கோவம்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்கன்னு சொல்லி அழுதுச்சும்மா," என்றார் அவர்.

அத்தை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை கூட வந்திருந்ததா என்றார். பார்க்கவில்லையே என்றார் அவர். எந்த ஊரில் இருப்பதாகச் சொன்னாள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். புதூர் என்றதாம். எந்தப் புதூர் என்று வந்தவர் கேட்பதற்குள் கூட்டம் நெட்டித் தள்ளிவிட்டதாம். புதூர் என்பது மட்டும் அத்தைக்கும் முன்பே தெரியும். தஞ்சாவூர் ஜில்லாவில் தாலுகாவுக்கு நாலு புதூர்.

அவர் போனதும் அத்தை உட்கார்ந்து அழுதார். அவ்வளவு வாய் பேசுகிற மனுஷி வார்த்தையே இல்லாமல் அழுதது அன்றைக்குத்தான். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், நான் வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அழாதீங்கம்மா, விலாசம் இருக்கிறதே, இன்றைக்கே எழுதிப் போட்டுவிடலாம் என்றார். எங்கே இருக்கிறது என்றார் அத்தை.

"ஸ்டேஷன்ல வண்டி ஏறுறப்ப சித்தப்பாதான் எழுதிக் குடுத்தாரு. போட்டோவுக்குப் பின்னாடி."

அந்த ஊதா எழுத்து அப்படியே என் கண்முன் வந்து நின்றது.

முதலில் படக்கடைக்கு ஓடினோம். இன்னொரு பிரதி போட்டு வாங்கிவிட்டால், இந்தப் படத்தை எப்படி வேண்டுமானாலும் பிய்த்துக்கொள்ளலாம் அல்லவா? படம் பிடித்த கண்ணாடித் தகடுகளைக் கடைக்காரர் மாடியில் அடுக்கி வைத்திருப்பார். அவர் ஏறிப் போய் வெகுநேரம் தேடினார். இறங்கி வந்து கையை விரித்தார். "சுடா சுச்சி லா," என்றார். கழுவியாகிவிட்டது. விலை விழுந்த வருஷங்களின் தகடுகளை எல்லாம் கழுவி, வெறும் கண்ணாடியாக விற்றுவிட்டாராம். அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அவருக்கும் அப்போது வயிறு இருந்தது. திரும்பி வரும்போது வழியெல்லாம் யார் வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாலும் எனக்குத் திக்கென்றது.

இனி மிஞ்சியது ஆல்பத்தின் அந்தப் பக்கம்தான். படத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். ரப்பர் காகிதத்தை விடுவதாக இல்லை. எதையும் அந்தப் படத்தில் சோதித்துப் பார்க்க முடியாது என்றார் என் வீட்டுக்காரர். அப்படியானால் என் படத்தில் பார்க்கலாம் என்றேன். எங்கள் கல்யாணப் படம். வேண்டாம் என்று அத்தை கையைப் பிடித்தார். எனக்கு என்மேலேயே வந்த ஆத்திரத்தில் யார் சொல்லும் காதில் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன்.

காகிதம் நடுவில் இரண்டாகப் பிளந்தது. நானும் அவரும் நின்ற மேல்தோல் சுருண்டு, காய்ந்த அப்பளம் மாதிரி என் கையில் உதிர்ந்தது. அடித்தோல் ரப்பரோடு ஆல்பத்தின் பக்கத்திலேயே தங்கிவிட்டது. அந்த அடித்தோலை ஈரத் துணியால் ஒற்றினார் என் வீட்டுக்காரர். பின்னால் குத்தியிருந்த கடை முத்திரை மெல்ல மேலே ஊறி வந்தது, திருப்பிப் போட்ட எழுத்தாக. முகம் பார்க்கிற கண்ணாடியை எதிரில் பிடித்தால் நேராகப் படிக்க முடிந்தது.

ஆக வழி தெரிந்துவிட்டது. படத்தைக் கொடுத்தால் விலாசம் கிடைக்கும். படத்தை வைத்துக்கொண்டால் விலாசம் உள்ளேயே கிடக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அத்தை முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. மறுநாள் முழுவதும் அத்தை அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமைத்ததைச் சாப்பிடவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா என்று அத்தை என்னிடம் சொன்னார். நான் பிய்க்கிறேன் அத்தை என்றேன்.

"வேணாம் புள்ள. என் தங்கச்சி, நானே பிக்கிறேன்," என்றார்.

மேல் மூலையில் தொடங்கி மெதுவாகத்தான் இழுத்தார். தங்கையின் முகம் இரண்டு துண்டாக வந்து, கையில் எடுக்கும்போதே பொடிந்தது. குழந்தையின் முகம் எப்போது போனது என்றே தெரியவில்லை. அடிப்பாகத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு பட்டை முழுசாகக் கழன்று வந்தது. கவுனின் ஓரம், அதற்குக் கீழே குழந்தையின் இரண்டு பாதம், அவற்றைச் சேர்த்துப் பிடித்த அந்தக் கை. அத்தை அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எழுந்துபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். நாங்கள் பக்கத்தை நனைத்து, கண்ணாடி பிடித்து, தாலுகா பெயரிலிருந்து தபால் ஆபீஸ்வரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து எழுதிக்கொண்டோம்.

மறுநாள் காலையிலேயே கடிதம் போனது. நான்தான் எழுதினேன். கோபம் ஒன்றும் இல்லை, உன் கடிதம் கிடைக்கவில்லை, பிள்ளை எப்படி இருக்கிறாள், நடக்கிறாளா, பேசுகிறாளா, என்னைப் பெரியம்மா என்று சொல்லக் கற்றுக்கொடு. அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். படம் கிழிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்டுபிடித்துவிட்டோம், அதுவே பெரிசு என்று எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. அந்த வாரம் அத்தை பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தார். எனக்கு அது விருந்து சாப்பிட்டதுபோல இருந்தது.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. தபால்காரர் கொடுத்ததும் நான் வாசலிலேயே நின்று பிரித்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். ஊரில் ஒரு வாத்தியாரிடம் சொல்லி எழுதியிருந்தார். அக்காவின் கடிதம் வந்ததில் உயிர் வந்தது என்று முதல் வரி. அதற்கு அடுத்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. படி புள்ள என்றார் அத்தை. படித்தேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, மூன்றே நாளில் குழந்தை போய்விட்டது. பிள்ளையின் முகம் இப்போது சரியாக நினைவில் வரமாட்டேனென்கிறது அக்கா, கண்ணை மூடினால் வேறு யார் வீட்டுப் பிள்ளை முகமோ வருகிறது. அந்தப் போட்டோவை ஒரே ஒரு தடவை அனுப்பி வை. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இதைக் கேட்கத்தான் துறைமுகத்துக்குப் போய்ப் போய் நின்றேன்.

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை காலைப் பிடித்துக்கொண்டேன். என்னை அடியுங்கள் என்றேன், ஊருக்கே சொல்லுங்கள், கடிதத்தில் என் பெயரைப் போட்டு, இவள்தான் கெடுத்தாள் என்று எழுதுகிறேன் என்றேன். அத்தை என் தலையில் கை வைத்தார்.

"உம்பேரு எதுக்கு? ஒன்னத் தேடத்தான் கிழிச்சேன்னு எழுது. நாங் கிழிச்சேன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அத்தை ஆல்பத்தை எடுத்து, அந்த மஞ்சள் துணியைத் தைத்திருந்த நூலை ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். துணியைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியை விரித்து, சாமி படத்துக்குக் கீழே இருந்த அந்தப் பட்டையை, இரண்டு பாதமும் ஒரு கையும் இருந்த பட்டையை, அதில் வைத்துச் சுற்றினார். முகம் இல்லை, இதுதான் இருக்கிறது, கவுனின் நிறம் இதுதான் என்று எழுதச் சொன்னார். உறையை அவரே கொண்டுபோய்த் தபால் ஆபீசில் கொடுத்தார். மற்றப் பாதித் துணியை அதே இடத்தில் திரும்பவும் தைத்தோம்.

அடுத்த இரண்டு மாதமும் அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தங்கை இனி எழுதுவாளா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பதில் வந்தது. ஒரு கார்டு, ஒரே வரி. வாத்தியார் எழுதியதுதான், ஆனால் தங்கை பேசின மாதிரியே எழுதியிருந்தார்.

"அக்கா, புள்ள வந்து சேர்ந்துட்டா."

அத்தை அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு, சரி, இனிமேல் நாம் பதில் போடலாம் என்றார். அதன்பிறகு அத்தை இருந்தவரை மாதம் ஒரு கடிதம் போனது. விலாசம் எனக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அத்தை அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைப்பார், நான் கண்ணாடியைப் பிடித்து அந்த ஊதா எழுத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன்.